கெப்போங் வீட்டில் செஸ்நட் மரம் காய்க்குமா?

பதிவு 1 | கெப்போங் மல்லிகை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இந்த மன்றத்தைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் வீடு கோலாலம்பூர் கெப்போங்கில் ஒரு மூலை வீடு. பக்கவாட்டில் 20 அடி நீளமும் 12 அடி அகலமுமாக வெறும் மண் கிடக்கிறது. அப்பா வைத்த முருங்கை அங்கேதான் நின்றது. போன ஆண்டு அப்பா தவறினார். இரண்டே மாதத்தில் ஒரு மழைக்காற்றில் முருங்கையும் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு செஸ்நட் மரம் வைக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். சம்பள நாளன்று நேராக வீட்டுக்கு வரமாட்டார். பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குப் போய், பெரிய இரும்புச் சட்டியில் கருங்கற்களோடு புரட்டிப் புரட்டி வறுத்த செஸ்நட் ஒரு பை வாங்கிக்கொண்டுதான் வருவார். பஸ்ஸில் வருவதற்குள் ஆறிவிடுமே என்று பையைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வருவார். ஓட்டைப் பல்லால் லேசாகக் கீறி, உள்தோல் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் முழுதாக எடுத்து எங்கள் கையில் வைப்பார். நான் உரித்தால் இன்றும் இரண்டாக உடைகிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாற்றுப் பண்ணையில் 'செஸ்நட்' என்று அட்டை கட்டிய கன்று ஒன்றை 85 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். மூன்று ஆண்டில் காய்க்கும் என்றார்கள். கன்று நன்றாகவே இருக்கிறது. போதாததற்கு, பேரங்காடியில் வாங்கிய பச்சைச் செஸ்நட்டில் 7 கொட்டைகளை ஈர மணலில் புதைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் மண், வெயில், உரம் எல்லாம் சொல்லுங்கள். வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நட வேண்டும்?

பதிவு 2 | பாலிக் புலாவ் மண்

வாருங்கள் அம்மா. சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கன்றின் இலையைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு காம்புக்கு ஒரே நீள இலையாக, ஓரம் முழுவதும் ரம்பம்போல் பல் வைத்திருக்கிறதா? இல்லை, ஒரு காம்பின் நுனியிலிருந்து ஐந்தாறு இலைகள் விரித்த கைவிரல்போல் பிரிகின்றனவா? தண்டின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

பதிவு 3 | கெப்போங் மல்லிகை

கைவிரல்போல்தான் ஐயா. சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் ஏழு. ஓரத்தில் பல் எதுவும் இல்லை. தண்டு பச்சையாக வழவழவென்று இருக்கிறது. அடிப்பகுதி மட்டும் குடம்போல் பருத்திருக்கிறது.

பதிவு 4 | பாலிக் புலாவ் மண்

அப்படியானால் அது செஸ்நட் இல்லை அம்மா. அது பச்சிரா. சீனப் புத்தாண்டு நேரத்தில் நான்கைந்து தண்டுகளைப் பின்னலாகப் போட்டு, சிவப்பு நாடா கட்டி, 'பண மரம்' என்று விற்கிறார்களே, அதே மரம்தான். அதை 'மலபார் செஸ்நட்' என்றும் அழைப்பதால் அட்டையில் பாதிப் பெயர் மட்டும் ஏறியிருக்கிறது. மலபாருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. நம் இலவ மரத்துக்கு உறவு. பஞ்சு விடும் இலவின் இலையை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சாயல் தெரியும்.

பதிவு 5 | சிலாயாங் தம்பி

அக்கா, 85 ரிங்கிட் என்பது பகல் கொள்ளை. சுங்கை பூலோ சாலை ஓரப் பண்ணைகளில் அதில் கால் பங்கு விலைக்கு இதே கன்று கிடைக்கும். ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு போய் நியாயம் கேளுங்கள். அட்டையில் ஒரு பெயரைப் போட்டு வேறு மரத்தை விற்பது தவறு. மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரிய வரும் என்றால், அந்த மூன்று ஆண்டுக்கு யார் பொறுப்பு?

பதிவு 6 | அடுப்பங்கரை

பச்சிராவை அப்படி ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் வீட்டு முன்வாசலில் ஒன்று இருக்கிறது. விதையிலிருந்து வளர்த்தது, நான்காம் ஆண்டில் காய்த்தது. அந்தி சாயும் நேரத்தில் பூ விரியும். தூரிகைபோல் நீண்ட வெள்ளை இழைகள் கொத்தாகச் சிதறும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் துவண்டு தரையில் கிடக்கும். அதைப் பார்ப்பதற்காகவே மாலையில் நாற்காலியை வெளியே போட்டு உட்காருவேன்.

காய் முற்றினால் தானாக வெடிக்கும். உள்ளே பழுப்பு நிறக் கொட்டைகள், மேலே வெள்ளை வரி ஓடியிருக்கும். தோலைக் கீறி, கனமான சட்டியில் சிறு தீயில் வறுத்தால் வேர்க்கடலைக்கும் செஸ்நட்டுக்கும் நடுவில் ஒரு சுவை. ஆனால் பச்சையாகத் தின்னக் கூடாது. அந்த விதை எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத சில கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. பச்சை விதையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நச்சு விளைவு தெரிந்திருக்கிறது. வறுத்தாலும் ஒரு கைப்பிடிக்கு மேல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. குழந்தைகளுக்குக் கொடுப்பதே இல்லை.

பதிவு 7 | கெப்போங் மல்லிகை

எல்லோருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் நேற்று இரவு அந்தக் கன்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இன்று காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அது என்ன செய்யும், பாவம்.

அப்படியானால் நம்பிக்கை அந்த 7 கொட்டைகளில்தான் இருக்கிறது. அவை கடையில் விற்கும் சீனச் செஸ்நட், அதில் சந்தேகம் இல்லை. அவை முளைத்தால் இங்கே மரமாகுமா?

பதிவு 8 | இலைநரம்பு

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன் நான். மகளே, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

முளைக்கும். நீ ஈர மணலில் குளிரில் வைத்தது மிகச் சரியான முறை. செஸ்நட் கொட்டையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி மாவு, எண்ணெய் மிகக் குறைவு. அதனால் அது நெல்லைப்போலவோ அவரையைப்போலவோ காய்ந்து காத்திருக்காது. ஈரம் போனால் கரு செத்துவிடும். ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் குளிரில் இருந்தால் உறக்கம் கலைந்து முளை விடும். ஆக, விதைக்குக் குளிர்காலத்தை உன் சமையலறையிலேயே கொடுத்துவிட்டாய்.

மரத்துக்கு எப்படிக் கொடுப்பாய்? அங்கேதான் சிக்கல். செஸ்நட் இலையுதிர்க்கும் மரம். குளிர்காலத்தில் மொட்டுகள் உறங்கும். எத்தனை மணி நேரம் குளிரில் இருந்தோம் என்று அந்த மொட்டுகள் கணக்கு வைத்திருப்பதுபோல் நடந்துகொள்ளும். சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் கழிந்த பிறகுதான் ஒழுங்காக விழிக்கும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் ஒரு கிளை துளிர்க்கும், இன்னொரு கிளை உறங்கும். பூ வராது, வந்தாலும் முறையாக வராது. ஆண்டுக்கு ஆண்டு மரம் இளைக்கும். கோலாலம்பூரில் விடியற்காலையில் மிகக் குளிர்ந்த வேளையில்கூட 23, 24 டிகிரிதான்.

மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1ஆம் தேதி பதிவான 7.8 டிகிரி. நம் நாட்டின் மிகக் குளிர்ந்த இரவே செஸ்நட்டின் கணக்கேட்டில் ஏறாது!

இன்னொன்று. பூத்தாலும் ஒற்றை மரம் காய்ப்பது அரிது. தன் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்காத மரம் அது. பக்கத்தில் வேறு ஒரு செஸ்நட் நிற்க வேண்டும். 12 அடி அகலத்தில் 40 அடி உயரத்துக்குப் போகும் இரண்டு மரங்களை எங்கே வைப்பாய்?

யாராவது ஆர்வக்கோளாறில் சீனாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கன்றைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வாங்கச் சொல்வது வெறும் காகித வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஆசியாவிலிருந்து வந்த செஸ்நட் கன்றுகளோடு ஒரு பூஞ்சையும் போய்ச் சேர்ந்தது. ஆசிய மரங்கள் அந்த நோயோடு பழகியவை, தாங்கிக்கொண்டன. அமெரிக்கச் செஸ்நட்டுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் மரங்களின் பட்டை வெடித்துக் காய்வதை முதலில் கவனித்தார்கள். ஐம்பது ஆண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் மடிந்தன. வேர் இன்றும் சில இடங்களில் உயிரோடு இருந்து துளிர் விடுகிறது. துளிர் பெருத்ததும் பூஞ்சை மீண்டும் பிடிக்கிறது. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பதிவு 9 | பிரிஞ்சாங் காற்று

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஒரு மாற்றுக் கருத்து. வட தாய்லாந்தின் மலைகளில் சீனச் செஸ்நட் பயிரிடுகிறார்கள், காய்க்கவும் செய்கிறது. அதுவும் வெப்பமண்டல நாடுதானே? அதை நம்பித்தான் நான் கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் எங்கள் காய்கறித் தோட்டத்து மேட்டில் 2015இல் இரண்டு கன்றுகளை விதையிலிருந்து எழுப்பி நட்டேன். ஒன்று போய்விட்டது. மற்றொன்று இன்னும் நிற்கிறது. மூட வேண்டாம் இந்த வாசலை.

பதிவு 10 | இலைநரம்பு

தம்பி, உங்கள் மரத்தைப் பற்றிக் கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. பூத்ததா? உயரம் என்ன?

தாய்லாந்துக் கணக்கு வேறு. சியாங்மாய், சியாங்ராய் மலைகள் நிலநடுக்கோட்டிலிருந்து 19, 20 டிகிரி வடக்கே இருக்கின்றன. அங்கே டிசம்பர், ஜனவரியில் குளிர்காலம் என்று ஒன்று உண்மையாகவே வருகிறது. மழை நின்று, இரவு குளிர்ந்து, மரம் ஓய்வெடுக்கிறது. கோலாலம்பூர் 3 டிகிரியிலும் பினாங்கு 5 டிகிரியிலும் இருக்கின்றன. கேமரன் மலை குளிர்ச்சியான ஊர்தான். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே அளவுக் குளிர்ச்சி. மரத்துக்கு இரவும் இல்லை, விடியலும் இல்லை.

பதிவு 11 | பிரிஞ்சாங் காற்று

ஏறத்தாழ 8 அடி. இதுவரை பூக்கவில்லை. ஐயா சொன்னதுபோல் ஒரு பக்கம் துளிர்விட்டு மறுபக்கம் மொட்டையாகவே நிற்கும். உரக்குறை என்று நினைத்து ஒவ்வோர் ஆண்டும் கோழி எரு போட்டு வந்தேன். வெட்ட மனம் வராது, நிற்கட்டும்.

பதிவு 12 | சிலாயாங் தம்பி

பினாங்குக் கொடிமலை உச்சியில் வைத்தாலும் பயன் இல்லையா?

பதிவு 13 | பாலிக் புலாவ் மண்

கொடிமலை 833 மீட்டர். பிரிஞ்சாங்கின் உயரத்தில் பாதிதான். பிரிஞ்சாங்கிலேயே பூக்காத மரம் அங்கே எப்படிப் பூக்கும்?

பதிவு 14 | கெப்போங் மல்லிகை

பத்து வாரம் கழித்து வருகிறேன். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

7 கொட்டைகளில் 3 முளைத்தன. முதலில் கூர்முனை வெடித்து வெள்ளை வேர் மட்டும் வந்தது. இரண்டு விரல் நீளம் வேர் இறங்கிய பிறகுதான் தண்டு தலை காட்டியது. தனித்தனிப் பையில் தோட்டத்து மண்ணும் எருவும் கலந்து நட்டேன். ஐந்தாறு இலைகள் வந்தன. பாலிக் புலாவ் ஐயா சொன்ன அதே ரம்பப் பல். தடவிப் பார்த்தால் நுனியில் மெல்லக் குத்தும். கைபேசியில் படம் எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன். "உங்கப்பா இருந்தால் தினமும் இதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்" என்றார்.

பிறகு பத்து நாள் விடாத மழை. இலை ஓரம் பழுப்பானது. வெயில் போதவில்லை என்று எண்ணி இடம் மாற்றினேன். மறுநாள் இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி ஊற்றினேன். இழுத்துப் பார்த்தபோது கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. குளத்துச் சேற்றின் வாடை. ஒரே வாரத்தில் மூன்றும் போய்விட்டன.

அழுதேன். செடிக்காக மட்டும் அழவில்லை.

பதிவு 15 | இலைநரம்பு

மகளே, அது வேரழுகல். சூடான, தண்ணீர் தேங்கும் மண்ணில் பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிர் செஸ்நட் வேரைத் தின்னும். ஐரோப்பாவில் இதற்கு 'மை நோய்' என்று பெயர். வேரிலிருந்து மைபோலக் கறுப்பு கசியும். செஸ்நட் கேட்பது லேசான புளிப்புத் தன்மையுள்ள, தண்ணீர் நிற்காத மண். நம் களிமண்ணில் எருவைக் கலந்து பையில் அடைத்தால் மழை நாளில் அது சேற்றுக் கிண்ணம்தான். இலை தொங்கியதும் எல்லோரும் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். இதில் உன் தவறு என்று எதுவும் இல்லை.

அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதே.

பதிவு 16 | பாலிக் புலாவ் மண்

இதைச் சொல்ல எத்தனையோ நாளாகக் காத்திருந்தேன் அம்மா. அந்தக் கொட்டைகளின் கதை முடியட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

நம் மண்ணுக்கென்று ஒரு செஸ்நட் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் செஸ்நட்டுக்குக் 'கஷ்கொட்டை' என்று போட்டிருக்கும். நம்மில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மலாய்க்காரர்கள் கடைச் செஸ்நட்டையும் 'பெராங்கான்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெராங்கான் என்ற பெயர் முதலில் சீனச் சரக்குக்கு வந்ததில்லை. இங்கே காட்டிலும் கம்பம் என்னும் மலாய்க் கிராமத்திலும் வளரும் மரத்தின் பெயர் அது. செஸ்நட் காஸ்டனியா, இது காஸ்டனாப்சிஸ். 'செஸ்நட்டை ஒத்தது' என்பதே அந்தச் சொல்லின் பொருள். இரண்டும் ஒரே குடும்பம், ஓக் மரமும் அதே குடும்பம்தான். ஆசியாவில் காஸ்டனாப்சிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஜாலான் பெராங்கான் என்று ஒரு தெருவே இருக்கிறதே, அந்த வழியாகப் போயிருப்பீர்கள். மலாயில் பகற்கனவு காண்பதற்கும் 'பெராங்கான்' என்றுதான் சொல்வார்கள். அது வேறு வேரிலிருந்து வந்த சொல், ஒலி மட்டும் ஒன்று.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். பால்வெட்டுக்குப் போகும் அம்மா, எல்லை ஓரத்துக் காட்டு மரத்தடியில் பொறுக்கிய பெராங்கான் கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். பெரும்பாலான இனங்களின் காய் முள்ளம்பன்றிபோல் இருக்கும், வெறும் காலில் மிதித்தால் ஒரு வாரம் நடக்க முடியாது. கம்பங்களில் கொட்டைக்காகவே வளர்க்கும் இனம் ஒன்று உண்டு: காஸ்டனாப்சிஸ் இனெர்மிஸ். இலத்தீனில் 'இனெர்மிஸ்' என்றால் ஆயுதம் இல்லாதது. பெயருக்கு ஏற்றபடி அதன் உறையில் முள் இல்லை, கரடுமுரடாக மட்டும் இருக்கும். பினாங்கின் பாலிக் புலாவில் என் நிலத்துக்குப் பக்கத்து நிலம் ஒரு மலாய்ப் பெரியவருடையது. அங்கே இந்த மரம் ஒன்று நிற்கிறது. அவருடைய தாத்தா வைத்ததாம்.

கொட்டை கடைச் செஸ்நட்டைவிடச் சிறியது. பொறுக்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் கொட்ட வேண்டும். மிதப்பவற்றைத் தள்ளிவிடலாம், உள்ளே வண்டு குடைந்திருக்கும் அல்லது காய்ந்திருக்கும். மூழ்கியவற்றை உப்புப் போட்டு அவிக்கலாம், மணலில் வறுக்கலாம். ஓடு கெட்டி, பல்லால் கீற வராது, கத்தி வேண்டும். உள்ளே இருப்பதை மென்றால் முதலில் மாவு, பிறகு மெல்ல ஓர் இனிப்பு. சீனச் செஸ்நட்டின் இனிப்பு இதில் இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சுவை இந்த மண்ணின் சுவை, இந்த மழையின் சுவை.

இதற்குக் குளிர்காலம் வேண்டாம். நம் வெயில் போதும், நம் மழை போதும். எனக்கு வருத்தம் என்னவென்றால், எந்த நாற்றுப் பண்ணையில் கேட்டாலும் இந்தக் கன்று இல்லை. டுரியானுக்கு, அதிலும் மூசாங் கிங் வகைக்கு, தனி வரிசை இருக்கிறது. மாமரத்தில் பத்து வகை ஒட்டு இருக்கிறது. பெராங்கான் கேட்டால் பெராங்கான் வாழைக் கன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

பதிவு 17 | சிலாயாங் தம்பி

ஐயா சொன்னதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பெராங்கான் காட்டு மரம். 60 அடிக்கு மேல் போகும். அக்காவுடைய இடம் 12 அடி அகலம்.

எங்கள் குடியிருப்புத் தாமானில் என் தந்தை வேலி ஓரம் ஒரு நாவல் வைத்தார். பதினைந்து ஆண்டில் வேர் கால்வாய்ச் சுவரைப் பிளந்து, அண்டை வீட்டுக் கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டைத் தூக்கிவிட்டது. சரிசெய்ய 4,000 ரிங்கிட் ஆனது. பணம்கூடப் பரவாயில்லை, முப்பது ஆண்டு நண்பர்கள் இருவரும் இரண்டு தீபாவளி பேசிக்கொள்ளவில்லை. மரத்தை வெட்டிய அன்று என் தந்தை சாப்பிடவில்லை. நினைவுக்காக வைக்கும் மரம் அப்படி முடியக் கூடாது அக்கா.

பதிவு 18 | அடுப்பங்கரை

சிறிய இடத்துக்கு நான் சொல்கிறேன். பினாங்கில் என் அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். அவர் வீட்டு மரத்தைப் 'பிங்போங்' என்பார். மேசைப்பந்து ஆட்டத்தோடு தொடர்பு இல்லை, மரத்தின் பெயரே அப்படி. தென்சீனத்து மரம். ஸ்டெர்குலியா வகை. நடுத்தர உயரம்தான், கவாத்து செய்தால் கட்டுக்குள் நிற்கும். காய் செக்கச்செவேலென்று தோல் பைபோல் தொங்கும். முற்றியதும் ஒரு பக்கம் கீறி, உள்ளே கறுப்புக் கொட்டை கண்ணைப்போல் பார்க்கும். சீனத்தில் அதற்குப் 'பீனிக்ஸ் கண்' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. ஏழாம் மாதம் ஏழு சகோதரியர் வழிபாட்டில் படைப்பார்கள்.

கொட்டையை உப்பு நீரில் இருபது நிமிடம் அவித்து, கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல், அதற்குள் இன்னும் ஒன்று. எல்லாம் நீக்கினால் அவித்த முட்டையின் மஞ்சள் கருபோல ஒன்று கையில் உருளும். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் செஸ்நட்டுக்கும் அதற்கும் வேறுபாடு சொல்ல முடியாது. எனக்குப் பெராங்கானைவிட இதுதான் பிடிக்கும். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் பேசும்போது பலாக்கொட்டையை மறந்துவிடாதீர்கள். அடுப்புத் தணலில் சுட்ட பலாக்கொட்டையையும் கூலூர்க் கொட்டையையும் தின்று வளர்ந்தவர்கள் நாம். கூலூர் ஈரப்பலாவுக்கு நெருங்கிய உறவு, சதையைவிடக் கொட்டைக்குத்தான் மதிப்பு. அவித்த கூலூர்க் கொட்டையில் தேங்காயைத் துருவிப் போட்டு என் பாட்டி கொடுப்பார். அதையும் செஸ்நட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

பதிவு 19 | பாலிக் புலாவ் மண்

கோபம் எதற்கு அம்மா? பிங்போங் நல்ல மரம். பதியம் போட்டாலும் வேர் பிடிக்கும். நீங்கள் சொன்னபடியே மல்லிகை அம்மாவின் இடத்துக்கு அது பொருந்தும்.

சிலாயாங் தம்பி சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டு ஓரத்தில் பெராங்கான் கூடாது. ஆனால் வீட்டில் வைக்க முடியாது என்பதற்காக வைக்காமலே விட்டுவிடுவதா? கோயில் நிலம், தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரம், உறவினரின் தோட்டம் என்று எங்காவது ஒரு மரத்துக்கு இடம் இருக்கும். இருக்கும் மரங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. பக்கத்து நிலத்துப் பெரியவருக்கு 80 வயது. அவருடைய பிள்ளைகள் நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவு 20 | கெப்போங் மல்லிகை

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பலாக்கொட்டை என்றதும் அம்மா சிரித்தார். பிறகு, அப்பா வேலை தேடிக் கோலாலம்பூருக்கு வருமுன் வளர்ந்த தோட்டத்தில் காட்டுக் கொட்டைகளைச் சுட்டுத் தின்ற கதையைச் சொன்னார். எனக்கு அது தெரியாது. "டவுன் செஸ்நட் எல்லாம் பிறகு வந்ததுதான்" என்றார்.

ரவாங் பக்கம் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. சரிவான நிலம், தண்ணீர் நிற்காது. பின்புறம் பழைய ரப்பர் மரங்கள். கேட்டேன். "அண்ணனுக்காக என்றால் எங்கே வேண்டுமானாலும் நடு" என்றார். ஐயா, அந்த மலாய்ப் பெரியவர் விதை தருவாரா? பச்சிரா என் வீட்டிலேயே இருக்கட்டும். வேலியிலிருந்து 6 அடி தள்ளி நட்டுவிட்டேன். பண்ணைக்காரரிடம் போய்ப் பேசினேன், அட்டையை மாற்றிவிட்டார்.

பதிவு 21 | பாலிக் புலாவ் மண்

கேட்காமலே கொடுத்தார். கோலாலம்பூருக்குப் போகிறது, ஒரு பெண்ணின் அப்பாவுக்காக என்று சொன்னேன். தானே குனிந்து பொறுக்கினார். 12 கொட்டைகள். ஈர மரத்தூளில் பொதிந்து, காற்று போக ஓட்டையிட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை என் மகன் காரில் கோலாலம்பூர் வருகிறான். தபாலில் அனுப்பினால் சூட்டில் வெந்துவிடும்.

வந்ததும் செய்ய வேண்டியது: வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கியதை அன்றே நடுங்கள், நாளை என்று வைக்க வேண்டாம். பை ஒரு முழ ஆழமாவது இருக்கட்டும். இந்தக் குடும்பத்தில் எல்லாமே வேரைத்தான் முதலில் ஆழமாக விடும், ஆழம் இல்லாவிட்டால் சுருண்டுவிடும். மண்ணில் பாதி ஆற்று மணல். டப்பாவுக்குள் சிறு பொட்டலம் ஒன்று இருக்கும். அது தாய்மரத்தடி மக்கு மண். ஒவ்வொரு பையிலும் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். இந்த மரங்களின் வேரோடு ஒருவகைப் பூஞ்சை சேர்ந்து வாழும், மண்ணிலிருந்து உணவை எடுத்துக் கொடுப்பது அதுதான். புது இடத்து மண்ணில் அது இல்லாமல் போகலாம். ஆசிரியர் ஐயா சரியா?

பதிவு 22 | இலைநரம்பு

மிகச் சரி. அந்தப் பொட்டலத்தை அனுப்பியிருக்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். கன்று ஓரிரு அடி வளரும் வரை பாதி நிழல் வேண்டும். காட்டில் பெரிய மரங்களின் அடியில்தான் அது பிள்ளைப் பருவத்தைக் கழிக்கிறது.

பதிவு 23 | கெப்போங் மல்லிகை

சனிக்கிழமை மாலை டப்பா வந்தது. மரத்தூள் இன்னும் ஈரமாகவே இருந்தது. 12இல் 2 மிதந்தன, 10 மூழ்கின. அம்மா வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பத்துப் பைகளிலும் போட்டுவிட்டோம். முனை மேல்பக்கம் வைப்பதா, கீழ்ப்பக்கம் வைப்பதா என்று தெரியாமல் ஐந்தை ஒரு விதமாகவும் ஐந்தை வேறு விதமாகவும் வைத்திருக்கிறேன்.

பதிவு 24 | பாலிக் புலாவ் மண்

எல்லாவற்றையும் படுக்கை வாட்டில் திருப்பி வையுங்கள் அம்மா, இரண்டு விரல் ஆழம் போதும். வேர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். எலிக்கும் அணிலுக்கும் இன்றிரவே வாடை தெரிந்துவிடும். மேலே கம்பி வலை போட்டீர்களா?

பதிவு 25 | கெப்போங் மல்லிகை

கடை மூடுவதற்குள் போய் வாங்கி வந்துவிட்டேன். நான்கு பக்கமும் செங்கல் வைத்து அழுத்தியாயிற்று ஐயா.